பஸ்ஸில் ஏற்றி, படியில் இறக்கும் மலையேற்ற வகுப்பு

எனக்கு 63 வயது. உத்தராகண்டில் இமயமலைமேல் இருக்கும் துங்கநாத் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பஞ்ச கேதாரம் என்கிற ஐந்து சிவன் கோயில்களில் மிக உயரமானது, 3,680 மீட்டர். அடிவாரத்துச் சோப்தாவிலிருந்து கல் பாவிய பாதையில் நான்கு கிலோமீட்டர் போல நடந்து ஏற வேண்டும், அதே வழியில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் கோவையில் எங்கள் பகுதியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி மூத்தவர்களுக்கென்று நடத்தும் மூன்று மாத மலையேற்றப் பயிற்சியில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தோம். போய் வந்தும் ஆயிற்று. எங்கள் வயதில் மலைக்குக் கிளம்ப நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

டாக்டர் சீட்டு இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் இரண்டும் கேட்டார்கள். அலைச்சல்தான், ஆனால் அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. வெள்ளியங்கிரி மலையில் ஒவ்வொரு சீசனிலும் கேள்விப்படுகிற மரணச் செய்திகளுக்குப் பிறகு, இதயத்தைப் பார்க்காமல் மலைக்குக் கூட்டிப் போகிற யாரையும் நான் நம்புவதில்லை.

அடுத்தது நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறார்கள். 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12-க்குக் கீழே எடுத்தால் சராசரிக்குக் குறைவு, ஆண்களுக்கு 14. தினமும் தவறாமல் வாக்கிங் போகிற சிலரே இதில் திணறினார்கள். சமதரையில் நடந்து நடந்து மூச்சு பழகியிருக்கிறது, தொடைக்கு வேலையே கொடுக்கவில்லை என்று தம்பி விளக்கினார்.

இந்த வகுப்பின் உயிர் மருதமலையில் இருக்கிறது. ஊரே படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு, முட்டி வலிக்கிறதென்று கோயில் பஸ்ஸில் இறங்கும். இவர்கள் எங்களைப் பஸ்ஸில் மேலே ஏற்றிவிட்டுப் படியில் இறக்கினார்கள். முதலில் விநோதமாகத்தான் இருந்தது. காரணம் கேட்டதும் எனக்கு எல்லாம் பிடிபட்டது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே நம் எடையைப் பிரேக் பிடிக்கிறது. மூச்சு அவ்வளவாக வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். வலி அன்றைக்கு வராது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பிடித்துக்கொள்ளும். அளவாக இறங்கிப் பழகிய தசைக்கு அடுத்த முறை அந்த வலி வெகுவாகக் குறைந்துவிடும், அந்தப் பழக்கம் சில வாரங்கள் நிற்கும். அதைக் கணக்குப் பண்ணி, நாங்கள் பயணம் கிளம்பும் தேதிக்கு முன்பே கடைசி நீண்ட இறக்கத்தை வைத்துவிட்டு, அப்புறம் ஓய்வு கொடுத்தார்.

மற்ற நாட்களில் ஹாலில் ஓர் எட்டு அங்குலப் பலகை. அதன்மேல் நின்று, ஒரு காலை மெதுவாகக் கீழே கொண்டுவந்து, குதிகால் தரையைத் தொட்டதும் திரும்ப மேலே. முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒற்றைக்கால் நிற்பது, பையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டுவது எல்லாம் உண்டு. 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் வீடுகளில் இந்தப் பேச்சே கிடையாது. வயதானவர் என்றால் மெதுவாக நடந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

என் வீட்டுக்காரர் பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். கையில் கட்டும் வாட்ச் காட்டுகிற இதயத் துடிப்பை நம்பி ஏறாதீர்கள், அந்த மாத்திரை துடிப்பை அவ்வளவாக ஏற விடாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார் தம்பி. பதிலுக்கு அவர் கொடுத்த அளவுகோல் பேச்சு. "பேசிட்டே ஏறுங்கய்யா, பேச்சு நின்னா நீங்களும் நில்லுங்க" என்பார். துங்கநாத் வழி முழுக்க நாங்கள் அப்படித்தான் பேரன் கதை பேசிக்கொண்டு ஏறினோம்.

இரண்டு ஊன்றுகோல்களையும் முறையாகப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். சமதரையில் முழங்கை செங்கோணமாக இருக்கும் உயரம், இறக்கத்தில் அதைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். கோலின் கைப்பிடியில் இருக்கும் வார்ப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து நுழைக்க வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். சோப்தா திரும்பும் வழியில், வழவழத்த கற்களின்மேல் தூறல் விழுந்தபோது அதன் மதிப்பு தெரிந்தது. மறுநாள் காலை லாட்ஜ் மாடிப்படியைக் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினேன்.

குறைகளும் உண்டு. உயரத்தைப் பற்றிய பாடம் ஒரே ஒரு மாலையோடு முடிந்துவிடுகிறது. துங்கநாத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. எத்தனை படி இறங்கிப் பழகினாலும் கோவையில் அதற்குப் பயிற்சி கிடையாது. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே போகக் கூடாது, தள்ளாட்டம் வந்தால் உடனே இறங்க வேண்டும். இவற்றைச் சொன்னார்கள், ஆனால் அவசரமாக. துங்கநாத்துக்குப் போகிறவர்கள் இரவில் 3,000 மீட்டருக்குக் கீழே இருக்கும் சோப்தாவிலோ ஊக்கிமட்டிலோ தங்குவதால் சமாளிக்கலாம். எங்கள் குழுவில் இருவர் இன்னும் உயரமான இடங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இது போதாது. இன்னொன்று, காலை பேட்ச் ஐந்தரைக்கு. சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு வெறும் வயிற்றில் அந்த நேரம் சரிப்படாது, மாலை பேட்ச் கேட்டு வாங்குங்கள்.

மாதம் 2,500 ரூபாய் கட்டணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஏற்கெனவே முட்டி தேய்மானத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சேருவதற்கு முன் எலும்பு டாக்டரிடம் அந்தப் பலகைப் பயிற்சியைச் செய்தே காட்டிக் கேட்டுவிடுங்கள். தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பேட்சிலாவது உயரப் பாடத்துக்கு மூன்று நான்கு வகுப்புகள் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து கூட வருகிற மகன், மருமகளையும் அன்றைக்கு உட்கார வையுங்கள். மேலே தள்ளாடுகிறவருக்குத் தான் தள்ளாடுவது தெரியாது, கூட வந்தவர்தான் கவனித்துக் கீழே கூட்டி வர வேண்டும்.