ஒரு பழக்கத்தைத் திருத்தும் கோச், முழு ஆளையும் பார்க்கும் கோச்: யாரிடம் போவது?

வேலையில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகு கம்பெனியே ஒரு கோச்சை, அதாவது நாம் மாறவும் முன்னேறவும் தனியாகப் பேசி வழிகாட்டும் ஆளை, ஏற்பாடு செய்து தருகிறது, அல்லது நாமே தேடிப் போகிறோம். முதல் சந்திப்பிலேயே ஒரு தடுமாற்றம் வரும். அடுத்த புரமோஷனைப் பற்றிப் பேசுவதா, வீட்டில் யார் பேசினாலும் பாதியில் குறுக்கிட்டுவிடுகிறோமே, அதைப் பற்றிப் பேசுவதா? பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் இந்தத் துறையின் பெரிய ஆட்களே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் உயர் நிர்வாகிகளுக்கு கோச்சாக இருந்த மார்ஷல் கோல்ட்ஸ்மித், பில் கேம்ப்பெல் இருவரின் வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது நன்றாக விளங்கும்.

கோல்ட்ஸ்மித்தின் வழி கறாரானது. கூட வேலை செய்கிறவர்களிடம் முதலில் ரகசியமாகக் கருத்துக் கேட்பார்கள். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: எல்லா வாதத்திலும் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறி, பிறர் சொல்லும் யோசனையோடு தன் யோசனையையும் ஒட்டிவிடும் ஆசை, இப்படி ஏதாவது. பிறகு அதே சகாக்களிடம் போய், இதுவரை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, ‘இதைத் திருத்திக்கொள்ளப் போகிறேன், இனிமேல் எப்படி நடந்துகொள்ளலாம்?’ என்று கேட்க வேண்டும். அவர்கள் எது சொன்னாலும் பதில் ‘நன்றி’ மட்டும்தான், வாதாடக் கூடாது. மாதாமாதம் இதையே தொடர வேண்டும். ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து, ஆள் மாறியிருக்கிறாரா என்று அந்தச் சகாக்களே சொல்வார்கள். மாறவில்லை என்றால் கோல்ட்ஸ்மித்துக்குச் சம்பளம் கிடையாது.

இதில் கோச்சின் பங்கு சின்னதுதான், உழைப்பு முழுக்க நம்முடையது. தான் மிகக் குறைவாக நேரம் செலவிட்ட ஆலன் முலாலிதான் மிக அதிகமாக மேம்பட்டவர் என்று கோல்ட்ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். முலாலி போயிங்கில் இருந்து 2006இல் ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைக்குப் போனவர். ஹோவர்ட் மார்கன் என்ற இன்னொரு கோச்சோடு சேர்ந்து எட்டு நிறுவனங்களில், 86,000 பேருக்கு மேல் கருத்துக் கேட்டு கோல்ட்ஸ்மித் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. சகாக்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டவர்கள் மாறியதாக மற்றவர்கள் உணர்ந்தார்கள். பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு அப்படியே விட்டவர்களிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

கேம்ப்பெல் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்து வந்தவர். 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் அணிக்குக் கிடைத்தது 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு டிரா. உணர்ச்சியை ஒதுக்கிவைத்து முடிவெடுக்கும் கடுமை தன்னிடம் இல்லை என்று அவரே சொன்னார். மைதானத்தில் அவரைத் தோற்கடித்த அந்தக் குணம்தான் பிறகு சிலிக்கான் பள்ளத்தாக்கில் அவருடைய பலமானது என்று நினைக்கிறேன். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், கூகுளின் எரிக் ஷ்மிட், லாரி பேஜ் என்று அவரிடம் ஆலோசனை பெற்றவர்களின் வரிசையில், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் உண்டு. ஷ்மிட்டுக்கு முதலில் கோச் என்ற பேச்சே பிடிக்கவில்லை. தனக்கு எதற்கு என்று நினைத்தவர், தான் பெற்ற மிகச் சிறந்த ஆலோசனையே ‘ஒரு கோச்சை வைத்துக்கொள்’ என்பதுதான் என்று பின்னால் சொன்னார்.

கூகுளில் திங்கட்கிழமைக் கூட்டங்கள், வார இறுதியில் யார் எங்கே போனார்கள், குடும்பம் எப்படி இருக்கிறது என்ற பேச்சோடு தொடங்கியது கேம்ப்பெல்லின் தாக்கம்தான். ஆனால் அவரை வெறும் பாசக்காரராகப் பார்த்தால் பாதியைத் தவறவிடுவோம். தனிச் சந்திப்புகளில் வேலையின் நிலவரம், சக துறைகளோடு உறவு, டீமை நடத்தும் விதம், புதிய முயற்சிகள் என்று வரிசையாகக் கேட்பார். நேர்மையும் பணிவும் கற்கும் விருப்பமும் இல்லாதவர்களை ஏற்க மாட்டார். 

சரி, நமக்கு எது? பெரும்பாலானவர்களுக்கு கோல்ட்ஸ்மித்தின் வழியைத்தான் சொல்வேன். கேம்ப்பெல் மாதிரி ஒருவர் கிடைப்பது அரிது. இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்த அனுபவம், பணத்துக்காகச் செய்ய வேண்டிய தேவை இல்லாத நிலை, இரண்டும் அவரிடம் சேர்ந்திருந்தன. அந்த அனுபவம் இல்லாத ஒருவர் ‘முழு மனிதராக உங்களை வளர்க்கிறேன்’ என்று தொடங்கினால், மாதக்கணக்கில் மனம் விட்டுப் பேசுவோம், ஆறுதலாகவும் இருக்கும், ஆனால் அலுவலகத்தில் ஒன்றும் மாறியிருக்காது. ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்தால் அது வீடு வரைக்கும் வரும். மீட்டிங்கில் குறுக்கே பேசாமல் இருக்கப் பழகியவர் சாப்பாட்டு மேசையில் மட்டும் குறுக்கே பேச முடியுமா?

ஆனால் கோல்ட்ஸ்மித்தின் வழிக்கு ஒரு எல்லை உண்டு. அந்தப் புரமோஷன் உண்மையிலேயே உங்களுக்கு வேண்டுமா என்று அது கேட்காது. இலக்கே தப்பாக இருந்தால், தப்பான இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வீர்கள். அந்தக் கேள்வி உறுத்துகிறவர்களுக்கு கேம்ப்பெல் பாணிதான் சரி.

இரண்டுக்கும் நடுவே ஹார்வர்டின் ராபர்ட் கீகனும் லிசா லேஹியும் வகுத்த ஒரு முறை இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு தாளில் நான்கு கட்டங்கள். முதலில் இலக்கு: ‘டீமுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.’ இரண்டாவது, அதற்கு எதிராக நான் செய்வது: ராத்திரி உட்கார்ந்து அவர்கள் வேலையை நானே திருத்துகிறேன். மூன்றாவது, எனக்குள் மறைந்திருக்கும் இன்னொரு இலக்கு: நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலை நீடிக்க வேண்டும். நான்காவது, அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை: நான் தேவைப்படாவிட்டால் எனக்கு மதிப்பே இல்லை. இந்த நான்காவது கட்டம் அப்ரைசல் படிவத்தில் வராது, ஆனால் அப்ரைசலைத் தீர்மானிப்பது அதுதான். அதைத் தொடாமல் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பயிற்சிக்கு எத்தனை தடவை போனாலும், ராத்திரி வேலை நிற்காது. கோல்ட்ஸ்மித் முறையில் ஆறு மாதம் உண்மையாக முயன்றும் பழக்கம் அசையவில்லை என்றால், இந்தத் தாளை எடுங்கள்.

யாரிடம் போவதாக இருந்தாலும் சான்றிதழைக் கேளுங்கள். இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது: தொடக்க நிலையான ஏசிசிக்குக் குறைந்தது 100 மணி நேரக் கோச்சிங் அனுபவம் வேண்டும், அடுத்த நிலையான பிசிசிக்கு 500, உச்ச நிலையான எம்சிசிக்கு 2,500. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஓடுகிறது என்றால் கோச் வேண்டாம், மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம் ஒன்று, கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் நான் பேசுவதில் எது மேனேஜருக்குப் போகும், எது போகாது என்பதை முதல் நாளே மூன்று தரப்பும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கோச் என்றால் நீங்கள் கேட்பதற்கு முன்பே அவரே இந்தப் பேச்சை எடுப்பார். எடுக்காதவரிடம் உங்கள் நான்காவது கட்டத்தைத் திறந்து காட்டாதீர்கள்.