கெய்கோவுடன் ஏழு ஆண்டுகள்

ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஏழு ஆண்டுகளாக அலுவலகத்தில் ஜப்பானிய மொழியிலேயே பேசி வருகிறேன். வினை வடிவங்களைப் பொறுத்தவரை அது தமிழருக்குச் சலுகை காட்டும் மொழி: 'போனேன், போனாய், போனாள், போனார்கள்' என்று நாம் விகுதி மாற்றும் இடங்களுக்கெல்லாம் 'இகிமஷ்தா' ஒன்றே போதும். உண்பதை நண்பனிடம் 'தபேரு', மற்றவரிடம் 'தபேமாஸ்' என்னும் பழக்கமும் சில மாதங்களில் நாக்கில் படிந்துவிட்டது.

சிக்கல், கெய்கோ எனப்படும் மரியாதை மொழியில்தான் தொடங்குகிறது. உண்பவர் மதிப்புக்குரியவரானால் 'மெஷியகாரு'. உண்பவன் நானானால், பணிந்து 'இததாகு'. மூன்றாகக் கற்பிக்கப்பட்டு வந்த கெய்கோவை, 2007-இல் ஜப்பானின் பண்பாட்டு அவை அளித்த வழிகாட்டி ஐந்தாகப் பிரித்தது. அந்தப் பாகுபாடு படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. தொலைபேசி மணி ஒலிக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. 'தபேரரேரு' என்பது 'உண்ண முடியும்', 'உண்ணப்படுகிறது', 'உண்கிறார்' ஆகிய மூன்றையும் குறிப்பதால், இன்றும் ஒரு நொடி தயங்குகிறேன்.

என்னை உண்மையில் இடறவைத்தது தமிழ்ப் பழக்கமே. நமக்கு மேலாளர், யாரிடம் பேசினாலும் 'அவர்'தான். முதலாம் ஆண்டில் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் மேலாளரைக் கேட்டபோது, பெயருடன் மரியாதைக்கான 'சான்' சேர்த்து, 'இராஷ்ஷாய்மாசென்' என்று மிகுந்த மரியாதையுடன் அவர் இல்லை என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தார். வெளியாரிடம் பேசும்போது மேலாளரும் 'உச்சி', அதாவது நம் வீட்டார் (தலையுச்சியுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்). அவர் பெயரிலிருந்து 'சான்' உதிர வேண்டும், வினையும் பணிந்து 'ஓரிமாசென்' ஆக வேண்டும். 'நாங்கள்' என்று சொல்லிக் கேட்பவரை வெளியே நிறுத்தத் தெரிந்த நமக்கு இந்தக் கோடு புரியாததல்ல. ஆனால் அது மரியாதையையும் சேர்த்து வெட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் அதே மேலாளரின் மனைவி அழைத்தார். பழகிப்போன 'ஓரிமாசென்' வாய்வரை வந்துவிட்டது. அழைப்பவர் அவருடைய குடும்பத்தார் என்றால் கோடு இடம்மாறி, மேலாளருக்குச் 'சான்' திரும்பக் கிடைத்துவிடும் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வர, 'இராஷ்ஷாய்மாசென்' என்றேன். இம்முறை பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.