யமஹா ஆர்15 வி4: சைலன்சருக்கு முன் டயரைப் பாருங்கள்

யமஹா ஆர்15 பைக்கின் நான்காவது பதிப்பான வி4-ஐ வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "முந்திய வி3-ஐ விட இழுக்குமா?" கடதாசியில் பார்த்தால் இல்லை. 2018இல் இந்தியாவில் வந்த வி3 நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 19.3 பி.எஸ். (குதிரைவலு அளவு) வலு கொடுத்தது. வி4 அதே சுற்றில் கொடுப்பது 18.4. முறுக்குவிசையும் 14.7 நியூட்டன் மீற்றரிலிருந்து 14.2க்கு இறங்கியிருக்கிறது. புகை விதிகள் இறுகியதில் போனது அது.

இலங்கையில் அந்த ஏமாற்றம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. வி4 இந்தியாவில் வெளிவந்தது 2021 செப்டம்பரில். கொழும்பில் புது வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க வீடியோவில் பார்த்தே ஆசைப்பட்டவர்கள் ஏராளம். பைக் கைக்கு வந்ததும் அதே கையோடு சைலன்சர், ஃபில்டர், ஈ.சி.யு (எஞ்சினை ஆளும் கணினி) என்று கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் இறங்கிவிடுகிறார்கள். அந்தக் காசில் முக்கால்வாசி வீண்.

வி4-இல் கவனிக்க வேண்டிய எண் வேறு. வி3-இல் முறுக்குவிசை உச்சம் தொட்டது 8,500 சுற்றில், இதில் 7,500இல். கொழும்பில் பைக் ஓடுவது எங்கே? காலி வீதியில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்கு, பேஸ்லைன் வீதியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 10,000 சுற்றில் ஒரு பி.எஸ். குறைந்ததை உணரக்கூடிய இடம் இந்த ஊரில் மிகச் சொற்பம். 5,000இலிருந்து 7,500 வரை கிடைக்கும் இழுவையைத்தான் நாள் முழுக்கப் பாவிக்கிறோம்.

வால்வு திறக்கும் அளவை மாற்றும் வி.வி.ஏ.யை ஏதோ டர்போ மாதிரி நினைப்பவர்களும் உண்டு. உள்ளெடுப்பு வால்வுக்குத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று அதைத் தள்ளித் திறக்கும் இரண்டு கேம். 7,400 சுற்றில் ஒரு சொலினொய்ட் ஊசியைத் தள்ளி உயர்ந்த கேமுக்கு மாற்றிவிடும். அவ்வளவுதான். அது புது வலுவை உண்டாக்குவதில்லை. மேல் சுற்றில் எஞ்சின் மூச்சு வாங்கத் திணறாமல் பார்த்துக்கொள்கிறது.

உண்மையான மாற்றம் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. இந்திய வி3-இல் முன்சில்லைத் தாங்குவது சாதாரண ஃபோர்க். இதில் 37 மில்லிமீற்றர் தலைகீழ் ஃபோர்க். முன்னால் 282 மி.மீ. டிஸ்க்கும் ஸ்லிப்பர் கிளட்சும் வி3-இலும் இருந்தவை. புதிதாக வந்தது, பின்சில்லு வழுக்காமல் பார்க்கும் ட்ரெக்ஷன் கொன்ட்ரோல். ஒக்டோபர் மழையில் பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சு மேல் த்ரொட்டிலைத் திறந்து பாருங்கள், இந்தக் கடைசிச் சாமான் எதற்கு என்று விளங்கும். ஃபோர்க்கில் திருகி மாற்ற எதுவும் இல்லை. மரைன் டிரைவ் பக்கம் தினமும் ஓடுபவர்கள் பளபளக்கும் உட்குழாயை வாரம் ஒருதரம் ஈரத் துணியால் துடைத்தால் போதும். உப்பும் மணலும் காய்ந்து ஒட்டினால் ஒயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீல்தான் முதலில் அறுபடும். ஒயில் கசியத் தொடங்கியதும் சீல் மாற்ற ஓடாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பலருக்கு அதிலேயே நிற்கும்.

உட்காரும் நிலை இறுக்கமானது. சீட் உயரம் 815 மி.மீ., ஹான்டில் தாழ்வு. தெஹிவளையிலிருந்து கோட்டை வரை காலை நெரிசலில் போனால் மணிக்கட்டு பேசும். ஹான்டிலை உயர்த்தும் ரைசர் வாங்குவதற்கு முன் ஒரு ஸ்பானர் வேலை செய்து பாருங்கள். கிளட்ச், பிரேக் லிவர் இரண்டையும் தளர்த்தி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து கையை நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வரும்வரை லிவரைக் கீழே சுழற்றி இறுக்குங்கள். உடம்பின் பாரத்தைக் கை தாங்காமல் முழங்கால் டாங்கைப் பிடிக்கவேண்டும். அதற்கு டாங்க் கிரிப் ரப்பர் உதவும். இதற்குப் பிறகும் நோகிறது என்றால் ரைசர் போடலாம். போட்டதும் எஞ்சினை ஐட்லில் விட்டு ஹான்டிலை இடப்பக்கம் கடைசிவரை, பிறகு வலப்பக்கம் கடைசிவரை திருப்புங்கள். சுற்று கூடினால் த்ரொட்டில் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ரோட்டில் இறக்கினால், யூ டர்ன் எடுக்கும்போது பைக் தானாகப் பாயும். பிரேக் ஹோஸும் எந்தப் பக்கமும் விறைத்து நிற்கக்கூடாது. பின்னால் இருப்பவருக்கு இது வசதியான பைக் அல்ல, அதை மாற்ற வழியும் இல்லை.

இனி சைலன்சர். ஒட்சிசன் சென்சர் புகையை மோந்து ஈ.சி.யு.வுக்குச் சொல்கிறது, நிதானமாக ஓடும்போது ஈ.சி.யு அதைக் கேட்டுப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. த்ரொட்டிலை முழுக்கத் திறந்தால் அது சென்சரைக் கேட்பதில்லை, உள்ளே எழுதி வைத்த அட்டவணைப்படி ஊற்றுகிறது. அந்த அட்டவணை கம்பனிச் சைலன்சருக்கு எழுதியது. முழு சிஸ்டத்தையும் மாற்றி, கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரையும் எறிந்துவிட்டால் காற்று கூடும், பெற்றோல் கூடாது. கலவை வறண்டு எஞ்சின் சூடேறும். த்ரொட்டிலை மூடும்போது பட்படவென்று வெடிக்கும். அந்த வெடிச் சத்தத்தைப் பலர் வலு என்று நம்புகிறார்கள். அது வலு அல்ல. கொழும்பு வெயிலில் நெரிசலில் நிற்கும் 155 சிசி எஞ்சினுக்கு அது நல்லதும் அல்ல. சென்சரின் வயரைக் கழற்றிவிட்டால் சரி என்று சொல்லும் கராஜ்களை விட்டு விலகுங்கள். எஞ்சின் லைட் எரியும், பெற்றோல் குடிக்கும். சத்தம் கூடினால் பொலிஸும் மறிக்கும். ஆசை விடவில்லை என்றால் முன்குழாயையும் சென்சரையும் தொடாமல் பின்முனையை மட்டும் மாற்றுங்கள், சத்தம் தணிக்கும் உள்துண்டைக் கழற்றாதீர்கள்.

ஒயில் பூசிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டரும் இப்படித்தான். ஊரெங்கும் கட்டட வேலை, தூசி. கழுவிவிட்டு ஒயிலை அள்ளிப் பூசினால் அது உள்ளே இழுபட்டுப் படியும். கம்பனிக் கடதாசி ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதே மேல்.

ஈ.சி.யு.வின் அட்டவணையை மாற்றி எழுதுபவரிடம் (ரீமெப் செய்பவரிடம்) ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "வைட்பாண்ட் சென்சர் போட்டு அளந்து காட்டுவீர்களா?" முழு த்ரொட்டிலில் காற்று, பெற்றோல் விகிதம் 13க்கு ஒன்று அளவில் நிற்கவேண்டும். அளக்கக் கருவி இல்லாதவர் யாரோ இந்தியாவில் எழுதிய ஃபைலைத்தான் ஏற்றுவார். அங்கே பெற்றோல் நிலையங்களில் வருவது 20 வீதம் எத்தனால் கலந்த பெற்றோல். எத்தனாலுக்கு ஊற்றும் அளவு கூட வேண்டும். அதற்கென்று எழுதிய ஃபைலை இங்குள்ள பெற்றோலில் ஓட்டினால் கலவை அளவுக்கு மீறிக் கொழுத்து, பிளக் கறுத்து, வலுவும் குறையும். 95 ஒக்டேன் விடயமும் இதோடு சேர்ந்ததுதான். அழுத்த விகிதம் 11.6 என்றாலும் கம்பனி மெப்பில் 92 போதும். எஞ்சின் உள்ளே ஒலி எழுப்பித் தட்டாதவரை 95க்குக் கூடுதல் காசு கொடுத்து வலு வராது. ரீமெப்பில் இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்தள்ளினால்தான் 95 கட்டாயம்.

காசு போட வேண்டிய முதல் இடம் டயர். பின்னால் 140/70ஆர்17 ரேடியல், முன்னால் 100/80-17 சாதாரண வகை. முன்டயர் தேய்ந்ததும் அதே அளவில் ஈரத்தைப் பிடிக்கும் மென்மையான ரப்பர் போட்டால், பிரேக்கிலும் வளைவிலும் வேறு பைக் மாதிரி இருக்கும். பின்னால் 150/60 போட்டு அகலமாகக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். கணக்கைப் பாருங்கள்: 140/70இன் விட்டம் ஏறத்தாழ 628 மி.மீ., 150/60இன் விட்டம் 612. பின்பக்கம் 8 மி.மீ. இறங்கும், ஹான்டில் சோம்பலாகும். முன்சில்லையும் பின்சில்லையும் ஒப்பிட்டு வேலை செய்யும் ட்ரெக்ஷன் கொன்ட்ரோலுக்கு இரண்டரை வீத வித்தியாசம் நிரந்தரமாக நிற்கும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, பைக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி அடியுங்கள்.

இழுவைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடும் பற்சக்கரம்) இருக்கிறது. முன்னால் 14 பல்லுக்குப் பின்னால் 48 என்பது 3.43 விகிதம். பின்னால் 50 பல் போட்டால் 3.57, நான்கு வீதம் கூடும். அதாவது டொப் கியரில் 5,000 சுற்றில் போன அதே வேகத்துக்கு இனி சுமார் 5,200 வேண்டும். நகரத்துக்கு அது தாராளம். முன்னால் 13 பல் போடுவது மலிவு, ஆனால் ஒரேயடியாக எட்டு வீதம் தாவும். சின்னச் சக்கரத்தில் செயின் கூர்மையாக மடிந்து சீக்கிரம் தேயும். 50 போடும்போது அக்ஸில் ஏறத்தாழ 7 மி.மீ. முன்னே வரவேண்டும், அட்ஜஸ்டரில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய செயினில் புது ஸ்ப்ரொக்கட் பூட்டாதீர்கள், செயின், முன் ஸ்ப்ரொக்கட், பின் ஸ்ப்ரொக்கட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள்.

கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குவிக் ஷிஃப்டர் எல்லா வி4-இலும் வருவதில்லை. கடையில் கேட்டே வாங்குங்கள். இருப்பதும் கியர் ஏற்ற மட்டும்தான், இறக்கக் கிளட்ச் வேண்டும். நெரிசலில் கால்விரலை லிவருக்கு அடியில் சாய்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் சென்சர் அரைகுறையாக அழுந்தி எஞ்சின் வெட்டி வெட்டி இழுக்கும். பைக் பழுது என்று கராஜுக்குக் கொண்டுவரப்படும் சிலவற்றின் வருத்தம் இதுதான்.

ஒயில் மாற்றும்போது ஃபில்டர் இல்லாமல் 0.85 லீற்றர், ஃபில்டரோடு 0.95. ஒரு லீற்றர் போத்தலை அப்படியே கவிழ்ப்பது இங்கே வழமை. மிஞ்சிய ஒயில் ப்ரீதர் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) வழியாக ஏர் பொக்ஸுக்குப் போய் ஃபில்டரை நனைக்கும். போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்ற பைக் ஒயில் தரக்குறி இருக்கவேண்டும், காருக்கான ஒயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ரேடியேட்டருக்கு நுண்வலை அடித்து மூடாதீர்கள், காற்று போகாது.

பிரேக் பாட், ஸ்ப்ரொக்கட், கேபிள் எல்லாவற்றுக்கும் பஞ்சிகாவத்தையில் 'ஒரிஜினல்' என்று மூன்று விலை சொல்வார்கள். பெட்டியில் உள்ள யமஹா இலக்கத்தைப் பாருங்கள். முதல் மூன்று எழுத்து எந்த மொடலுக்குச் செய்தது என்பதையும், நடுவில் உள்ள ஐந்து எந்தப் பாகம் என்பதையும் சொல்லும். வி4-இன் பாகப் பட்டியலிலிருந்து அந்த இலக்கத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறந்து, பழைய பாட்டையும் புதியதையும் முதுகோடு முதுகு வைத்து, ஊசித் துளை இரண்டும் நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.