அப்பாவை வீட்டுக்கு அனுப்பி வைத்த சிஸ்டர்

போன மாதம் அப்பாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு நாள் வைத்திருந்தோம். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. வைத்தியம் நன்றாகவே இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வார்டு சிஸ்டரைப் பற்றி.

இரண்டு மாதத்துக்கு முன்பு இதே நோய்க்கு வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். அங்கே டிஸ்சார்ஜ் என்றால் பில் கட்டி ஃபைலை வாங்குவதுதான். வீட்டுக்கு வந்த அப்பா நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் போகும்போது அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதாம். எங்களிடம் சொல்லவே இல்லை.

இந்த சிஸ்டர் இரண்டாம் நாளே அம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார். சமைப்பது யார், கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அவர் அப்பாவைத் திட்டவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, "வெளியூர் போற அன்னைக்கு ஊர் போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கங்க ஐயா, விட மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

எடை மெஷின் வாங்கச் சொன்னார். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே போன் செய்ய வேண்டும். உப்பு அதிகமான எதெல்லாம் அப்பாவுக்கு ஆகாது என்றும் சொன்னார். அப்புறம், "நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்கம்மா" என்றார். அம்மா ஊறுகாய், அப்பளம் ஆகாது என்றார், கருவாட்டைச் சொல்ல மறந்துவிட்டார். சிஸ்டர் பொறுமையாக மறுபடி முதலிலிருந்து சொன்னார். அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்துப் படிக்கத் தெரியாது என்பதால் மாத்திரை அட்டைகளில் சூரியன், நிலா வரைந்து கொடுத்தார். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் பார்க்க வருபவரிடமும் இந்த நோட்டைக் காட்டச் சொன்னார்.

குறையும் உண்டு. காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள், இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து கிளம்ப மாலை ஐந்தாகிவிட்டது. அந்த சிஸ்டர் லீவில் இருந்த நாளில் வேறு யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை முக்கியமான வேலையை ஒருவருடைய நல்ல மனசை நம்பி விடக் கூடாது. நிர்வாகம் இதை எல்லா ஷிஃப்டுக்கும் முறையாக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் நோட்டில் எடை 61-லிருந்து 63 ஆகியிருந்தது. அம்மாதான் கவனித்துப் போன் செய்யச் சொன்னார். அன்றே போய்க் காட்டினோம், டாக்டர் மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்தார், சாயங்காலம் வீடு திரும்பிவிட்டோம்.