கண் இமை ஒபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கு: என் இடது கண் இப்போது மூடுவதில்லை

இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. போன கிழமை ஹட்டனில் என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர், நான் நம்பிப் போன அதே கண் இமை ஒபரேஷன் விளம்பரத்தைப் போனில் காட்டி, "அக்கா, நானும் செய்யலாமா?" என்று கேட்டார். இனி மறைத்துப் பயனில்லை.

எனக்கு 49 வயது. மேல் இமைத் தோல் தளர்ந்து இமை முடிமேல் விழுந்து கிடந்தது. விளம்பரத்தைப் பார்த்துக் கண்டிக்குப் போனேன். கீழே சலூன், மேல்மாடியில் கிளினிக். 95,000 ரூபாய், முழுவதும் முன்கூட்டியே. வெள்ளைக் கோட் போட்டவரை எல்லாரும் டொக்டர் என்றார்கள். நானும் நம்பினேன்.

கட்டிலில் படுக்க வைத்துப் பேனாவால் இமையில் கோடு போட்டார், விறைப்பு ஊசி அடித்தார், தளர்ந்த தோலை வெட்டினார். முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. நான் காலையில் தைரொயிட் குளிசையும் இரவில் அஸ்பிரினும் குடிக்கிறவள். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதற்கு, "அது பரவாயில்லை மிஸ்" என்றார்கள். அன்றைக்கே பஸ் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் தலையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

தையல் பிரித்த பிறகும் இடது கண் எரிந்துகொண்டே இருந்தது. விடியற்காலைக் குளிர்காற்று பட்டால் மணல் போட்டது போல அறுக்கும். ஒரு ராத்திரி நான் நித்திரையாக இருக்கும்போது மகள் போட்டோ எடுத்து, காலையில் காட்டினாள். இரண்டு இமைக்கும் நடுவே நூல் கனத்துக்கு வெள்ளை விழி தெரிந்தது. பிள்ளை அழுதுவிட்டாள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் டொக்டர் சின்ன அடிமட்டம் வைத்து அளந்தார். புருவத்தின் கீழ் ஓரத்திலிருந்து இமை முடி வரை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டுமாம். என் இடது பக்கம் 14தான், அதனால்தான் இமை மூடவில்லை. அப்புறம் வடிதாள் போன்ற மெல்லிய பட்டையைக் கீழ் இமைக்குள் செருகி, 5 நிமிடம் வைத்துப் பார்த்தார். கண்ணீர் போதவில்லை. இதை வெட்டுவதற்கு முன்னமே பார்த்திருக்க வேண்டும், ஏற்கனவே காய்ந்த கண் ஒபரேஷனுக்குப் பிறகு இன்னும் காயும் என்றார். பேனாவால் போடும் கோட்டையும் ஆளை உட்கார வைத்துத்தான் போட வேண்டும். படுத்தால் புருவமும் தோலும் இடம் மாறிவிடும். தைரொயிட் உள்ளவர்களுக்கு அந்த நோயே கண்ணைத் தாக்கக் கூடும் என்பதால், அது அடங்கிய பிறகுதான் கத்தி வைப்பார்களாம். சிலருக்கு இமை தொங்குவதற்குத் தோல் அல்ல, புருவம் இறங்குவதோ இமையைத் தூக்கும் தசை தளர்வதோதான் காரணம். அவர்களுக்குத் தோலை வெட்டிப் பிரயோசனமில்லை.

அஸ்பிரின் மாதிரி இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து குடிக்கிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. அதை எழுதித் தந்த டொக்டரிடம் கேளுங்கள்.

எங்கள் மலைப்பக்கத்து ஆட்களுக்கு முக்கியமாக ஒன்று. அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசியலாம், பெரும்பாலும் முதல் நாளுக்குள். கண் பிதுங்கி, வலி கூடி, பார்வை மங்கினால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது, பார்வையே போய்விடும். தோட்டத்திலிருந்து ராத்திரி வாகனம் பிடித்துக் கண்டிக்கு வருவதற்குள் காலம் கடந்துவிடும். அதனால் முதல் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். என்னை அனுப்பியது போல பஸ்ஸில் அனுப்பினால் சம்மதிக்காதீர்கள்.

காசு கட்டுவதற்கு முன் டொக்டரின் முழுப்பெயரையும் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையும் வாங்கி, பதிவேட்டில் சரிபாருங்கள். தனியார் மருத்துவ நிலையமும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். நான் இரண்டையும் கேட்கவில்லை. முறைப்பாடு செய்யப் போனபோது என் கையில் இருந்த றசீதில் 'பியூட்டி பெக்கேஜ்' என்று மட்டும்தான் இருந்தது. வெட்டியவரின் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கிளினிக்கின் போன் நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை.

இப்போது பகலில் சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு. படுக்கும்போது மகள் இமையை இழுத்து டேப் ஒட்டிவிடுகிறாள். தழும்பு இளகுமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வேறு இடத்துத் தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.