மாறும் வட்டியில் நாலரை ஆண்டுகள்: என் வீட்டுக்கடன் அனுபவம்

2021 ஜனவரியில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை இருபது ஆண்டுத் தவணையில் வாங்கியபோது, வங்கி என் முன் இரண்டு வழிகளை வைத்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு அது குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி) 3 சதவீதம் சேர்த்து அன்றைக்கு 7 சதவீதமாக இருந்த மாறும் வட்டி ஒன்று. 9 சதவீத நிலையான வட்டி மற்றொன்று. முதலாவதற்கு மாதத் தவணை 23,259 ரூபாய், இரண்டாவதற்கு 26,992 ரூபாய். மாதம் 3,700 ரூபாயை ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று எண்ணி, அதிகம் யோசிக்காமல் மாறும் வட்டிக்கே கையெழுத்திட்டேன். நிலையான வட்டிக்கான தாளின் பின்பக்கத்தில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வட்டி மறுநிர்ணயம் செய்யப்படும் என்றும், முன்கூட்டியே அடைத்தால் 2 சதவீதக் கட்டணம் உண்டு என்றும் பொடி எழுத்தில் இருந்தது. இருபது ஆண்டுக் கடனில் ஐந்து ஆண்டுகள் மட்டும் அசையாமல் நிற்பதை 'நிலையான வட்டி' என்று அழைப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அப்போது ரெப்போ 4 சதவீதம். அதற்குக் கீழே இறங்க அதிக இடமில்லை, ஏறுவதற்கோ நிறைய இடம் இருந்தது என்பதை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. 2022 மே மாதம் தொடங்கிய உயர்வு 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 6.50 சதவீதத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே ஏற்றம் தாமதமின்றி என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. (வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியோருக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே நிறுவனம் தானே வகுத்த அடிப்படை வட்டிதான்.)

இதில் என்னை ஏமாற்றியது தவணைத் தொகை. மாதாமாதம் அதே 23,259 ரூபாய்தான் பிடிக்கப்பட்டதால், எதுவும் மாறவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2022 நவம்பரில்தான் கணக்கு அறிக்கையைத் திறந்து பார்த்தேன். முதல் தவணையில் வட்டிக்கு 17,500 ரூபாயும் அசலுக்கு 5,759 ரூபாயும் போயிருக்க, அந்த மாதம் வட்டிக்கு 21,347 ரூபாய் போய், அசலுக்கு 1,912 ரூபாய் மட்டுமே மிஞ்சியிருந்தது. 219 மாதங்கள் மீதமிருக்க வேண்டிய இடத்தில் 338 என்று அச்சாகியிருந்தது. வங்கி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கடன் காலத்தை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீட்டியிருந்தது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் 2023 ஆகஸ்டில்தான் வந்தது.

மறுமாதமே எழுத்துமூலம் விண்ணப்பித்துத் தவணையை 27,000 ரூபாயாக உயர்த்திக்கொண்டேன். நான் வேண்டாமென்று தள்ளிய நிலையான வட்டியின் தவணையும் கிட்டத்தட்ட அதே தொகைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த 3,700 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே அசலில் கட்டி வந்திருந்தால், இந்த ஏற்றத்தின் வலி பாதிகூட இருந்திருக்காது. 2023 ஆகஸ்டில் 2 லட்சம் ரூபாயை அசலில் செலுத்தினேன்; தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டியே செலுத்தும் கட்டணம் கிடையாது என்பதால் ஒரு ரூபாயும் கூடுதலாகப் போகவில்லை. அதே சமயத்தில் நிலையான வட்டிக்கு மாற முடியுமா என்றும் விசாரித்தேன். 10.75 சதவீதமும் மாற்றுக் கட்டணமும் என்றார்கள். வட்டி உச்சியில் இருக்கும்போது பயந்துபோய் அதைப் பூட்டிக்கொள்வதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது என்று திரும்பி வந்துவிட்டேன்.

2025 பிப்ரவரியில் ரெப்போ இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.50 சதவீதத்துக்கு வந்தது. 9 சதவீத நிலையான வட்டியோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைந்த வட்டியில் இருந்த முதல் இருபத்தொரு மாதங்களில் ஏறத்தாழ 95,000 ரூபாய் எனக்கு மிச்சம். 9 சதவீதத்தைத் தாண்டிய இரண்டரை ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 ரூபாய் கூடுதல் செலவு. ஒன்பதே மாதங்களில் இரண்டரை சதவீதம் ஏறிய பிறகும் மாறும் வட்டியே மலிவாக முடிந்திருக்கிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் என் சம்பளம் அந்த 27,000 ரூபாயைத் தாங்கியதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. 23,259 ரூபாய்க்கே கையைப் பிசைய வேண்டிய நிலையில் இருந்திருந்தால், அந்த 9 சதவீதத்தை நான் வாங்கியிருக்க வேண்டும்.

வட்டி குறைந்ததும் தவணையைக் குறைப்பதாக வங்கி குறுஞ்செய்தி அனுப்பியது. வேண்டாம், 27,000 ரூபாயே தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். 2025 ஆகஸ்ட் அறிக்கையில் வட்டிக்கு 17,536 ரூபாய், அசலுக்கு 9,464 ரூபாய். மீதமுள்ள மாதங்கள் 148.