தேர்தல் களப்பணிக்கு ஆள் எடுக்கிறார்கள்: சேர்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

"ஃபீல்டு கோஆர்டினேட்டர் தேவை. ஏதாவது ஒரு டிகிரி, சொந்த பைக், ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். மாதம் 22,000. பெட்ரோல், பேட்டா தனி." 2026 சட்டமன்றத் தேர்தலுக்காக இந்த மாதிரி வாட்ஸ்அப் செய்திகள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. 2024 மக்களவைத் தேர்தலில் இதே மாதிரி ஒரு செய்தியைப் பார்த்துச் சேர்ந்து, விழுப்புரம் பக்கம் வேலை பார்த்தவன் நான். எனக்கும், என்னோடு வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்களுக்கும் வரவேண்டிய பணம் இன்றுவரை முழுதாக வரவில்லை. எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். வேறு கட்சிகளுக்கு வேலை பார்த்த நண்பர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில், யாருக்கு வேலை பார்க்கிறோம் என்பதே தெளிவாக இருக்காது. கட்சி சென்னையில் ஒரு தேர்தல் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துகிறது. அந்த நிறுவனம் ஆள் எடுக்கும் வேலையை ஒரு மேன்பவர் ஏஜென்சியிடம் விடுகிறது. ஏஜென்சி மாவட்டத்துக்கு ஒரு டீம் லீடரைப் போடுகிறது. நமக்குத் தெரிந்த முகம் அந்த டீம் லீடர் மட்டும்தான். எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து நேர்காணல் நடத்தினார்கள். நியமனக் கடிதம் "மெயிலில் வரும்" என்றார்கள், வரவே இல்லை. கழுத்தில் மாட்டிய அட்டையில் என் போட்டோவும் "களப்பணியாளர்" என்ற சொல்லும் இருந்தன, நிறுவனத்தின் பெயர் இல்லை. முதல் மாதச் சம்பளத்தில் டேப்லெட்டுக்கு டெபாசிட் என்று 3,000 பிடித்துக்கொண்டு பாதிதான் போட்டார்கள். அதுவும் நிறுவனக் கணக்கிலிருந்து வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணிலிருந்து வந்தது.

வேலை என்னவோ நிஜமான வேலைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் பாகம் எண் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல்தான் ஒரு பாகம்) வாரியாக வாக்காளர் பட்டியல் வரும். கட்சியின் கிளைச் செயலாளரைப் பார்த்து, பூத் கமிட்டியில் யார் உண்மையில் இருக்கிறார்கள், யார் பெயருக்கு மட்டும் இருக்கிறார்கள் என்று சரிபார்க்க வேண்டும். இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஜியோ டேக் போட்ட போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் ஏறாமல் போன போட்டோவுக்கு அன்றைய பேட்டா வெட்டு. ஏப்ரல் வெயிலில், நூறு நாள் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துத்தான் போக முடியும். ஒரு ஊரை உள்ளும் புறமுமாகத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வேலை இல்லை. இத்தனை பேர் உயிரைக் கொடுத்து உழைக்கும் வேலை என்பதால்தான் இந்த ஏமாற்று எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

பணம் கேட்டபோதெல்லாம் ஒரே காரணம் சொன்னார்கள்: "நடத்தை விதி அமலில் இருக்கிறது, 50,000-க்கு மேல் ரொக்கம் எடுத்து வந்தால் பறக்கும் படை பிடிக்கும்." கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உரிய ஆவணம் இல்லாமல் எடுத்துப்போகும் ரொக்கத்தைத்தான் பிடிப்பார்கள். வங்கி வழியாகச் சம்பளம் போட நடத்தை விதியில் எந்தத் தடையும் இல்லை. சொல்லப்போனால், வேட்பாளரின் செலவுக் கணக்கிலேயே ஒருவருக்கு 10,000-க்கு மேல் கொடுக்கும் பணம் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ போக வேண்டும் என்றுதான் தேர்தல் ஆணையம் சொல்கிறது. இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம் ஏப்ரல் 17. வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய வேண்டும், தொகுதி வாக்காளர் அல்லாத பிரசாரக்காரர்கள் வெளியேற வேண்டும். டீம் லீடர் வேறு மாவட்டத்துக்காரர். அன்று மாலை ஆறு மணிக்கு, "ரிசல்ட் வந்ததும் மொத்தமாக செட்டில்மென்ட்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். 19-ஆம் தேதி வாக்குப்பதிவு முடிந்த இரவே ஆப்பில் என் லாகின் வேலை செய்யவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எல்லோரையும் நீக்கிவிட்டார்கள். வருகைப் பதிவு, போட்டோ, எந்தெந்தப் பாகம் முடித்தோம் என்ற கணக்கு எல்லாமே அந்த ஆப்புக்குள்தான் இருந்தன. வேலை பார்த்ததற்கான சாட்சி முழுவதும் பணம் தர வேண்டியவர்கள் கையில் போய்விட்டது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4-ல். அதுவரை போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த டீம் லீடர், அதற்கப்புறம் எடுக்கவில்லை.

எனக்கு வரவேண்டியதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பெண்கள். நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று டீம் லீடரே கூட்டம் போட்டுச் சொல்லி, ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் வாங்கிக்கொண்டார். அந்த ஏப்ரலில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 319. அதை விட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். பணம் வராதபோது அவர்களுக்குச் சென்னை நிறுவனம் தெரியாது, ஏஜென்சி தெரியாது. என் வீடுதான் தெரியும். "தம்பி, உன்னை நம்பித்தானே வந்தோம்" என்று ஒரு அக்கா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வெளியூர் நிறுவனங்கள் உள்ளூர் ஆளைத் தேடி எடுப்பது ஊரில் அவனுக்கு இருக்கும் நல்ல பெயருக்காகத்தான். கடைசியில் செலவாவது அந்தப் பெயர்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கணக்கெடுப்பு என்ற பெயரில் எங்களிடம் கொடுத்த ஒரு படிவத்தில், ஜெயித்தால் தரப்போகும் உதவிக்குப் பெயர், போன் எண், கையெழுத்து எல்லாம் கேட்டிருந்தது. இந்த மாதிரிப் பதிவுகளை உடனே நிறுத்த வேண்டும் என்று 2024 மே 2-ல் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுறுத்தியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(1) பிரிவின்படி இது லஞ்சம் என்ற கணக்கில் வரும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்குள் வாக்குப்பதிவே முடிந்திருந்தது. நாளை புகார் என்று வந்தால் வாசலில் படிவத்தோடு நிற்பது நாம்தான், படிவத்தை அச்சடித்தவர் இல்லை. அப்படி ஒன்றைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களை வேலைக்கு வைத்தது யார் என்று காட்ட ஒரு காகிதம் கொடுங்கள்" என்றார். மிஞ்சியிருந்தது ஜிபே ரசீதுகளும் நீக்கப்பட்ட குழுவின் பழைய செய்திகளும்தான். அவற்றை வைத்து வழக்கறிஞர் மூலம் ஏஜென்சிக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகு பெண்களில் சிலருக்கு மட்டும் கொஞ்சம் பணம் வந்தது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் அவரை அமர்த்திய நிறுவனம் தர வேண்டும் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்காக வேலை பார்த்தோம் என்பதை நாம் காட்டியாக வேண்டும்.

அதனால், சேரத்தான் போகிறீர்கள் என்றால் நிறுவனப் பெயர், முகவரி, சம்பளம், பணம் தரும் தேதி எழுதிய கடிதம் கைக்கு வரும் வரை பைக்கை எடுக்காதீர்கள். மெயிலில் வந்தாலும் சரி. டெபாசிட் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஆப்பின் வருகைத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். போன பாகம் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, முடிந்தால் கிளைச் செயலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பெண்களைச் சேர்க்கச் சொன்னால் அவர்களுக்கு வாரக் கூலி என்று பேசுங்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் அனுப்பாதீர்கள். வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே முக்கால்வாசிப் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் அவர்களுக்கு நம் தேவை முடிந்துவிடும்.

2024-ல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை பக்கம் இதே முறையில் வேலை பார்த்துப் பணம் வராதவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்க இருக்கிறோம். வேலை பார்த்த பாகம் எண்கள், கடைசியாகப் பணம் வந்த தேதி, அனுப்பியவர் பெயர் இந்த மூன்றும் இருந்தால் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.